குச்சி இறங்கியும் தொடங்காத பாட்டு

போன வாரம் ஈப்போவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு சீனப் பெண் பிடில் பெட்டியைத் திறந்தாள். வில்லுக்குத் தேய்க்கும் பிசினின் வாசனை. ரப்பர் பால் வாசனையில் வளர்ந்த மூக்குக்கு அதுவும் ஒரு மரத்தின் வாசனைதான். அது என்னை எழுபதுகளின் கடைசிக்குக் கொண்டுபோய் விட்டது.

அப்போது நான் எங்கள் ரப்பர் தோட்டத்து மாதா கோயிலில் பாடற்குழுத் தலைவன். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் படகு, தாப்பாவில் லாரி என்று சுற்றி, வயிறு காய்ந்து திரும்பியவன். தொண்டை பெரிது என்பதால் சாமியார் என்னை முன்னால் நிறுத்தினார். குழுவில் பலருக்கு எழுத்து தெரியாது. நான் ஒரு வரி பாடுவேன். அவர்கள் திருப்பிப் பாடுவார்கள். சாவு வீடோ கிறிஸ்துமஸோ, அதுதான் முறை.

நாடெங்கும் பேர்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஒருவர், சீனர், ஈப்போவில் கிறிஸ்துமஸ் கச்சேரி நடத்த வந்தார். ஒரு தமிழ்ப் பாட்டும் வேண்டும் என்றாராம். சாமியார் எங்களைச் சொல்லிவிட்டார். பெண்கள் வெள்ளைப் புடவை எடுத்தார்கள். ரப்பர் பால் ஏற்றும் லாரியைக் கழுவி அதிலேயே ஏறிப் போனோம்.

ஒத்திகையில் அவர் குச்சியை உயர்த்தி இறக்கினார். பிடில்கள் எழுந்தன. எங்கள் பக்கம் சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய மனிதர் இருக்கும்போது நமக்கென்ன வேலை என்று நான் ஓரமாக நின்றிருந்தேன். குழுவோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் அதேதான். கச்சேரி ஏற்பாட்டாளர் பொறுமையிழந்தார்.

"இவங்கள விட்டுடலாம் சார். டவுன் ஸ்கூல் பிள்ளைங்க இருக்காங்க."

புதுப்புடவை கட்டி வந்தவர்களை எந்த முகத்தோடு திரும்ப லாரியில் ஏற்றுவது?

நடத்துநர் என்னிடம் மலாயில் கேட்டார்: "யாருக்காகக் காத்திருக்காங்க?"

"எனக்காகத்தான் சார். நான் பாடினாத்தான் பாடுவாங்க."

முன்வரிசையில் நின்ற மரியக்கா விடவில்லை. "அப்பறம் என்னா தம்பி, வாயத் தொற லா. கொழுக்கட்டையா வச்சிருக்க?"

நடத்துநருக்குத் தமிழ் புரியவில்லை. எங்கள் சிரிப்பு புரிந்தது. குச்சியைக் கீழே வைத்தார்.

"அப்ப நானும் காத்திருக்கேன். நீ பாடு."

கச்சேரியிலும் அப்படியே. ஒவ்வொரு வரிக்கும் அத்தனை பிடில்களும் எனக்காக நின்றன. என் ஆட்கள் திருப்பிப் பாடும்போதுதான் அவற்றை எழுப்பினார். கைதட்டலின்போது என்னை இழுத்துத் தம் பக்கத்தில் நிறுத்தினார். அதுவரை யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை. லாரி கூட நான் ஓடிப்போய்த்தான் ஏற வேண்டும்.

அந்த மனிதர் இப்போது இல்லை. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மரியக்கா மகனோடு பாகான் செராய் பக்கம் போனாள், மற்றவர்கள் எங்கெங்கோ. இப்போது நான் போகும் கோயிலில் பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன. எல்லாருக்கும் படிக்கத் தெரியும். நல்லதுதான், அதற்காகத்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம். பாட்டு தொடங்கும்போது நான் மட்டும் கொஞ்சம் முந்திவிடுகிறேன். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள்.