தலைவர் ரசித்த குழாய்ப் பாட்டு

போன மாதம் டெல்லியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அரசாங்க முத்திரை போட்ட நீளக் கவர். தபால்காரர் அதை நீட்டிய விதத்தைப் பார்த்தால், நான் ஏதோ பெரிய தப்பு செய்து மாட்டிக்கொண்டேன் என்று தெருவில் நாலு பேராவது நினைத்திருப்பார்கள்.

தப்பு செய்தது உண்மைதான். டெல்லிக்கு அது தெரியாது. அதனால்தான் கடிதம் அவ்வளவு அன்பாக இருந்தது!

விஷயம் இதுதான். தலைவர் எங்கள் ஊருக்கு வந்தபோது கேட்டு மகிழ்ந்த 'தண்ணீர்ப் பாட்டு' அவர் மனதை விட்டு அகலவில்லையாம். நாட்டுப் பாடல் தொகுப்பில் அதைச் சேர்க்கிறார்களாம். ரேடியோவுக்காகப் பதிவு செய்ய ஆட்களும் வருவார்களாம். பாட்டின் வரிகளையும் ஆங்கில அர்த்தத்தையும் நான் உடனே எழுதி அனுப்ப வேண்டுமாம்.

படித்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

தலைவர் பெயர் வேண்டாம். நாடே அறிந்தவர். கலை என்றால் உயிர். எந்த மாநிலத்துக்குப் போனாலும் அங்கே ஆடுகிறவர்களோடு கை கோத்து இரண்டு அடி ஆடுவார். மறுநாள் பேப்பரில் படம் வரும். ஒரு வாரம் தலையில் கொம்பு... அடுத்த வாரம் தோளில் மத்தளம்... விலைவாசியைப் பற்றிக் கேட்கப் போன நிருபர்கள்கூட மத்தளத்தைப் பற்றி எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர் திருப்பூர் வழியாகத் தாராபுரம் போகிறார், வழியில் எங்கள் பஞ்சாயத்தில் அரை மணி நேரம் நிற்பார் என்று தகவல் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் சென்னியப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சொந்தமாகப் பனியன் கம்பெனியும் பிளீச்சிங் பட்டறையும் வைத்திருப்பவர். கலையைப் பற்றி அதுவரை அவருக்கு எந்தக் கருத்தும் இருந்ததில்லை. அன்று மாலைக்குள் வந்துவிட்டது.

நான் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். இந்தப் பத்திரிகையில் பத்தி வேறு எழுதுகிறேன். ஆகவே கலைக் குழுச் செயலாளர், வரவேற்புப் பாடலாசிரியர், மேடை மொழிபெயர்ப்பாளர் — மூன்று பதவிகளையும் சென்னியப்பன் என் தலையில் கட்டினார்.

கலைக்கு எங்கே போவது? அவருடைய கம்பெனியிலேயே இருந்தது. ராமாத்தாள் என்று ஒரு அம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. மாரியம்மன் நோன்பு வந்தால் கும்மிக்கு முன்பாட்டு அவர்தான். நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுவார். அவரும் அவருடைய காலனிப் பெண்கள் பதினொரு பேரும் கும்மி அடிப்பதென்று முடிவாயிற்று.

பாட்டு நான் எழுதியது. 'பாரதத்தின் பகலவனே' என்று தொடங்கும். மீதியை நான் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள்.

நாலு நாள் ஒத்திகை. தலைவர் எப்படியும் நடுவில் புகுந்து ஆடுவார் என்பதால், அவருக்கு எவ்வளவு இடம் விடுவது என்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதுவும் நான்தான். நாலு நாள் இந்த நாட்டின் தலைவராக இருந்திருக்கிறேன் ஐயா! எனக்குக் கும்மி வரவில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை.

அந்த நாளும் வந்தது. பதினொரு மணிக்கு வர வேண்டியவர் இரண்டு மணிக்கு வந்தார். அதுவரை பன்னிரண்டு பெண்களும் ஒரே நிறச் சேலையில் வெயிலில் நின்றார்கள். வந்ததும் ஆடினார்கள். தலைவர் சிரித்துக்கொண்டே உள்ளே புகுந்தார். நாலு கைதட்டு... பத்து போட்டோ. நான் ஒதுக்கி வைத்த இடம் அவருக்குச் சரியாக இருந்தது.

அத்தோடு அவர் காரில் ஏறியிருக்கலாம். ஆனால் அவர் நிஜமாகவே கலை ரசிகர் — அங்கேதான் வந்தது வினை. என் பாட்டு யாரோ எழுதிக் கொடுத்தது என்று கண்டுபிடித்துவிட்டார். இவர்களுடைய சொந்தப் பாட்டு ஒன்றைக் கேட்க வேண்டும் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். நான் ராமாத்தாளிடம் சொன்னேன்.

அந்த அம்மா ஒரு நொடி தரையைப் பார்த்தார். பிறகு கையைத் தட்டி எடுத்தார்.

"குழாயி வந்துதடி தோழி — அது
கோலமா நிக்குதடி தோழி
காத்து வருதடி தோழி — அதுல
காக்காயும் குடிக்காது தோழி.

பட்டணத்து அய்யா வந்தா — அன்னிக்குப்
பாலாட்டம் தண்ணி வரும்
வண்டி திரும்பிச்சுன்னா — பொறகு
வாளிதான் காஞ்சு நிக்கும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தக் குழாய்க்குத் திறப்பு விழா எடுத்தவர் சென்னியப்பன். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர், வழியில் ஒரு வால்வு, அந்த வால்வு எப்போதும் பட்டறைப் பக்கமே திறந்திருக்கும். காலனிப் பெண்கள் ஒரு மைல் நடந்து குடம் சுமந்தார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். அன்று மட்டும் காலையிலிருந்து காலனிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

தலைவருக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. ஜனங்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். என் பக்கம் திரும்பி, என்ன பாடுகிறார்கள் என்று கேட்டார்.

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். கும்பிடுவது போல ஒரு பார்வை.

இருபது வருஷம் மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தியவன் நான். ஒரு வரியை விட்டாலும் மார்க் குறைப்பவன். அன்று முதல் வரியை மட்டும் சொன்னேன். 'ஊருக்குக் குழாய் வந்திருக்கிறது என்று பாடுகிறார்கள், ஐயா.'

தலைவர் உருகிவிட்டார். மைக்கைப் பிடித்தார். ஒரு குழாய் வந்ததற்காக ஆடிப்பாடும் இந்தப் பெண்களிடம்தான் நம் பண்பாடு வாழ்கிறது. இந்தப் பாட்டை இப்படியே காப்பாற்ற வேண்டும். இதில் ஒரு சொல்லும் மாறக்கூடாது...

இதை நான் தமிழில் சொல்ல வேண்டும். யார் முன்னால்? பாடியவர்கள் முன்னால்! 'உங்கள் பாட்டு தலைவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது' என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டேன். கார் கிளம்பியது.

கூட்டம் கலைந்ததும் ராமாத்தாள் வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஏனுங்க வாத்தியாருங்க, தண்ணி வாரதில்லைன்னு அவியகிட்டச் சொல்லீட்டீங்களாங்க?"

குழாயைப் பற்றிச் சொன்னேன் என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குழாய்தான் கண்ணு முன்னால நிக்குதுங்களே. இல்லாததைத்தானுங்க சொல்லோணும்."

அவ்வளவுதான். போய்விட்டார். அன்று சாயங்காலமே குழாய் நின்றுபோனது. அதன் பிறகு கம்பெனி வழியாகப் போக வேண்டியிருந்தால், நான் சுற்றிக்கொண்டு வேறு தெருவில் போனேன்.

இந்த லட்சணத்தில்தான் டெல்லிக் கடிதம் வந்தது. பாட்டு வேண்டும், அர்த்தமும் வேண்டும்! இரண்டு நாள் அதைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன்.

ராமாத்தாள் என்னைப் பார்த்து வாங்க என்றார். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பெண்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு வரியாக அவர் சொல்ல, நான் எழுதினேன். இங்கிலீஷில் எழுதியதைத் திரும்பத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். காக்காய் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். வாளி? வாளியும் வந்தது.

"இன்னொரு அடி இருக்குதுங்க. அதையும் எழுதோணும்" என்றார்.

"இங்கிலீசு படிச்சவரு — எங்க
ஏக்கத்தைக் கேட்டவரு
பாதிச் சொல்லு சொல்லிப்போட்டு — அவரு
மீதிய முழுங்கினாரு."

பெண்கள் சிரித்தார்கள். ராமாத்தாள் சிரிக்கவில்லை, என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் எழுதினேன். 'முழுங்கினாரு' என்பதற்கு நல்ல இங்கிலீஷ் வார்த்தை தேடி, அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஒழுங்கான மொழிபெயர்ப்பு அதுதான். நேராகத் தபாலாபீஸ் போய் ரிஜிஸ்டர் செய்து அனுப்பினேன்.

இரண்டு நாளில் சென்னியப்பன் என் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை.

"ஏனுங்க, டெல்லிக்கு முழுசா எழுதிப்போட்டீங்களாமா?"

ஆமாம் என்றேன். காக்காயையுமா என்று கேட்டார். காக்காயையும் என்றேன். பதிவு செய்ய ஆட்கள் எப்போது வருவார்கள் என்று விசாரித்தார். என்ன நினைத்தாரோ, என் மனைவி கொண்டுவந்த காபியைத் தொடாமலே கிளம்பினார்.

மறுநாள் காலை காலனிக் குழாயில் தண்ணீர் வந்தது. யார் வால்வைத் திருப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாதாம்! ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம். நூல் மாதிரிதான் வருகிறது, ஆனாலும் வருகிறது. மூன்று வாரமாக நிற்கவில்லை. பெண்கள் வரிசையில் குடம் வைக்கிறார்கள், சண்டைகூடப் போடுகிறார்கள். தண்ணீர் இருந்தால்தானே சண்டை?

நான் அனுப்பியதை டெல்லியில் படித்தார்களா என்று கேட்காதீர்கள். போன வாரம் பதில் வந்தது: கிடைத்தது, நன்றி, அடுத்த மாதம் பதிவுக்கு வருகிறோம். அச்சடித்த பாரம், என் பெயரை மட்டும் பேனாவில் நிரப்பியிருந்தார்கள்.

தேதியைச் சொல்வதற்காகக் கம்பெனி வாசலில் நின்று ராமாத்தாளைப் பார்த்தேன். அந்த அம்மா சங்கடத்தோடு கையைப் பிசைந்தார்.

"அந்தப் பாட்டை இனி எப்புடிங்க பாடறது? தண்ணிதான் வருதுங்களே. பொய் பாடுனா மாரியாத்தா சும்மா உடுவாளாங்க?"

தலைவர் மன்னிக்க வேண்டும். ஒரு சொல்கூட மாறாமல் காப்பாற்றச் சொன்னார்... குழாயில் தண்ணீர் வந்து எங்கள் ஊரில் ஒரு கலை அழிந்துவிட்டது.