நாரையேரியில் தண்ணீர் இல்லை

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கீழே புல்வெளியில் ஒரு கூட்டம் பிள்ளைகள் ஒரு பெரிய மனிதரைச் சூழ்ந்து நின்று, "சீட்டிங், அங்கிள், சீட்டிங்!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர்தான் எதிர் வீட்டு ஜோதிலிங்கம் சார். மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் அப்பர் டிவிஷன் கிளார்க். சிறுவர்களுக்கு மர்மக் கதைகள் எழுதுவார். கதையெல்லாம் நாரையேரி என்ற ஊரில் நடக்கும். ஊரை ஒட்டிப் பெரிய ஏரி. அங்கே இரண்டு சிறுமிகள், ஒரு சிறுவன். ஒவ்வொரு கதையிலும் ஏதாவது காணாமல் போகும், இவர்கள் மூவரும் தேடிக் கண்டுபிடிப்பார்கள். மெட்ராஸில் ஒரு பதிப்பாளர் இவற்றைப் படம் போட்ட அட்டையோடு சின்னப் புத்தகங்களாக வெளியிட்டு வந்தார். அப்போது மூன்று வந்திருந்தன.

அவர் எழுதும் விதம் வேடிக்கையானது. எழுதிய அத்தியாயத்தை ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் சொல்வார், பாதி தமிழ், பாதி ஹிந்தி. சொல்லி முடித்து, "அச்சா, யார் எடுத்திருப்பா? போலோ, போலோ" என்று அவர்களைச் சொல்லச் சொல்வார். பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிட்டால் தொலைந்தது. அடுத்த வாரம் திருடன் மாறிவிடுவான். அதற்குத்தான் அந்த "சீட்டிங்" கூச்சல்.

அவர் மனைவி சந்திரம்மாள் பால்கனியில் துணி உலர்த்தியபடியே குரல் கொடுப்பார்.

"போன வாரம் போஸ்ட்மேன் திருடன். இந்த வாரம் இன்னா, வாத்தியாரா? அடுத்த வாரம் என்னையே திருடியாக்கிடுவாரு, பாத்துகினே இருங்க!"

"உன்னைப் போட்டா முதல் பக்கத்துலயே கண்டுபிடிச்சுடுவாங்க சந்திரா. உன்னாலதான் பேசாம இருக்க முடியாதே."

நான் தஞ்சாவூர்ப் பக்கம். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் கலியமூர்த்திக்கு டெல்லியில் வேலை என்பதால் வந்தேன். யாரிடமும் சட்டென்று பேச வராது. ஹிந்தியும் தெரியாத அந்த நாளில் காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டித்தான் வாங்குவேன். வாரம் முழுக்க வாய் திறவாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைப்பேன். கதை காதில் விழும். என் மகள் பூங்கொடி கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். டெல்லியில் பிறந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவருடைய புத்தகங்களை அட்டைப் படம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஜோதிலிங்கம் சார் ஏரிக்கரையில் வாழ்ந்தவரே இல்லை. அப்பா பட்டாளத்துக்காரர். ஐந்து வயதில் டெல்லிக்கு வந்தவர். "ஏரியை நான் ரயில் ஜன்னல் வழியாத்தான் பார்த்திருக்கேன்" என்று கூச்சப்படாமல் சொல்வார். ஆரணிப் பக்கத்தில் ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தது சந்திராக்காதான். ஆனால் அவர் கதைகளை அக்கா படித்ததில்லை. அவரும் சொன்னதில்லை. பால்கனி வரை எட்டும் பிள்ளைகள் கூச்சலில் திருடன் யார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

எழுபத்தொன்பதாம் வருஷம், நான்காவது கதையைக் கோடை விடுமுறையில் நடப்பதாக எழுதித் தரும்படி பதிப்பாளர் கேட்டிருந்தார். விடுமுறையில் விற்க வேண்டுமாம். அந்தக் குளிர்காலம் முழுக்கப் புல்வெளி வெயிலில் கதை நடந்தது. நாரையேரிப் பள்ளிக்கூடத்தின் வெண்கல மணி காணாமல் போகிறது. திருடன் அதைப் படகில் கொண்டுபோய் நடு ஏரியில் கயிறு கட்டி இறக்கிவிடுகிறான். கொட்டும் மழையில் மூன்று பிள்ளைகளும் படகு வலித்துப் போய் மீட்கிறார்கள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். நானும் குழம்பைத் தீயவிட்டேன்.

பதிப்பாளருக்கு அனுப்பிய கதைக் கட்டு மார்ச் கடைசியில் திரும்பி வந்துவிட்டது.

பால் வாங்கிக்கொண்டு வரும்போது பார்த்தேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் காகிதக் கட்டு. எனக்கு வழிவிடக்கூட எழுந்திருக்கவில்லை. அப்புறம் என் வீட்டுக்காரர்தான் போய்ப் பேச்சுக் கொடுத்து, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். பதிப்பாளர் எழுதியிருந்ததை அவரே படித்துக் காட்டினார்: 'சித்திரை வைகாசியில் எந்த ஊர் ஏரியில் படகு விடுகிறார்கள்? அச்சுக் கோப்பவரே சிரிக்கிறார். பதினைந்து நாளில் மாற்றி அனுப்பினால் அச்சேறும். இல்லாவிட்டால் வேறொருவர் கதையைப் போடுவேன். நாரையேரி வரிசையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.'

டெல்லியில் விடுமுறை முடிவதற்குள் மழை வந்துவிடும். பள்ளிக்கூடம் திறக்கும்போது தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும். அதை வைத்துத்தான் அவர் எழுதியிருந்தார். பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. எங்கள் தஞ்சாவூரிலோ ஆடிக்கு முன்னாலேயே ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். அதனால் எனக்கும் தோன்றவில்லை. வானம் பார்த்த பூமியில் ஏரி நிரம்புவது ஐப்பசி கார்த்திகையில்தான் என்பது எங்கள் படிக்கட்டில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

பின்னாலேயே வந்திருந்த சந்திராக்கா கடிதத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சித்திரைல ஏரில படகா? ஆடு மேயுமே அங்க!"

"நீ ஏன் முன்னாடியே சொல்லலை?"

"என்னிக்கு எங்கிட்ட கதை சொன்ன நீ? தோ, எதிர் வீட்டுப் பசங்க வரைக்கும் சொன்ன. நான் ஒருத்தி வீட்ல இருக்கறது ஞாபகம் இருந்துதா?"

சிரிப்பாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. ஜோதிலிங்கம் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் கீழே வரவில்லை. பிள்ளைகள் கதவைத் தட்டினார்கள். "கதை கதம், பேட்டா. நாரையேரி முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அலுவலகத்தில் அவர் எழுதுவதெல்லாம் வேறொருவர் கையெழுத்தில் போகிற குறிப்புகள். அவர் பெயர் அச்சில் இருந்தது அந்த மூன்று புத்தகங்களில் மட்டும்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் போய் ஆறுதல் சொல்ல எனக்கு வாய் இல்லை.

இரண்டு நாள் கழித்து, அந்த வருஷத்து முதல் கக்டி வண்டி வந்தது. நீளமாக, விரல் பருமனில் இருக்குமே, அந்த வெள்ளரிப் பிஞ்சு. சந்திராக்கா ஒரு கூடை வாங்கிப் புல்வெளியில் உட்கார்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். மேலே பார்த்து, "வந்து தின்னுட்டுப் போய் துக்கம் கொண்டாடு!" என்று அவரையும் இறக்கினார்.

பூங்கொடி கடித்துக்கொண்டே கேட்டாள். "ஆன்ட்டி, இது எங்கே முளைக்கும்?"

"யமுனாலதான். தண்ணி வத்தின மணல்ல போடறாங்க. எங்க ஊர்ல ஏரிக்குள்ளயே போடுவோம்."

"ஏரிக்குள்ளயா? தண்ணி இல்லாம, செடியா?"

"கோடைல ஏது தண்ணி? உழுது வெள்ளரி போட்டுடுவோம்."

பூங்கொடி அவர் பக்கம் திரும்பினாள். "அங்கிள், அப்போ மணியையும் அங்கேயே சுபா தோ நா! செடிக்குக் கீழே ஒளிச்சுடுங்க!"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். கையில் பாதிக் கக்டி அப்படியே இருந்தது. "ஒருவேளை மழைக்காலம் வந்துடுச்சுன்னா..." என்றார். "ஏரி நிரம்பிடும். அதுக்கு முன்னாடி திருடன் தோண்டி எடுத்தாகணும். சந்திரா!"

"கத்தாத. பக்கத்துலதான் இருக்கேன்."

ஞாயிறன்று பஸ் பிடித்து யமுனைக்குப் போனோம். அவர், அக்கா, பூங்கொடியோடு மூன்று பிள்ளைகள், அவள் கையைப் பிடித்து இழுத்ததால் நானும். பாலத்திலிருந்து இறங்கினால் ஆறு எங்கேயோ ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. மணலில் வரிசையாகப் பள்ளம் பறித்து, காற்றுக்கு நாணல் தட்டி கட்டி, கொடி விட்டிருந்தார்கள். ஜோதிலிங்கம் சார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிப் பார்த்தார். மணலில் கால் புதைந்து விழுந்தார். எழுந்து பள்ளத்துக்குள் குந்தி, தலை தெரிகிறதா என்று பிள்ளைகளைக் கேட்டார். தெரிந்தது. இன்னும் குனிந்தார்.

குடிசையிலிருந்து ஒரு பெண் அரிவாளோடு வந்தாள். "பாபுஜி, சோரி கர்னே ஆயே ஹோ?" என்றாள். திருட வந்தீர்களா என்று.

"ஹான்ஜி, ஹான்ஜி! அதுக்குத்தான் வந்தேன்!" என்றார் சந்தோஷமாக. அக்கா தலையில் அடித்துக்கொண்டு, ஹிந்தியும் சைகையுமாக விளக்கி, இரண்டு கிலோ கக்டி வாங்கிச் சமாதானம் செய்தார். அந்தப் பெண் பறித்தபடியே சொன்னாள். தினமும் காலையில் பறித்தே ஆக வேண்டும், ஒரு நாள் தவறக் கூடாது.

எனக்கு என்ன தோன்றியதோ, என் உடைந்த ஹிந்தியில், பறிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டேன்.

"மோட்டி ஹோ ஜாயேகி. ஃபிர் கௌன் லேகா?" பெருத்துப்போகும், யார் வாங்குவார்கள்.

பூங்கொடி குதித்தாள். "அங்கிள்! எவன் தோட்டத்துல பறிக்காம பெருசா தொங்குதோ, அவன்தான் சோர்! அவனுக்குக் காய் வேண்டாம். மணியைக் காவல் காக்கறதுக்குத்தான் போட்டிருக்கான்!"

மற்ற இரண்டு பிள்ளைகளும், "ஆமாம், ஆமாம்" என்று கத்தினார்கள். ஜோதிலிங்கம் சார் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "இதை மாத்தமாட்டேன்" என்றார். "எல்லாருக்கும் தெரிஞ்சாலும் சரி, இவன்தான் திருடன்."

அவர் ஆபீசுக்கு லீவு போட்டார். கதவைத் திறந்துவைத்து எழுதினார். இந்தத் தடவை கேட்டது அக்காதான். எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார். எனக்கு எல்லாம் காதில் விழும்.

"காய்ஞ்ச ஏரில காலடித் தடம் ஏது? மண்ணு பாளம் பாளமா வெடிச்சிருக்கும்."

"ஐயோ, தடத்தை வெச்சுத்தானே பிடிக்கறாங்க!"

"மதகாண்ட கொஞ்சம் ஈரம் இருக்கும். அங்க வை தடத்த."

"சந்திரா, நீ பெரிய ஆள்!"

"இப்பத்தான் தெரிஞ்சுதா? எழுது, எழுது. ஜல்தி."

கெடு முடிவதற்குள் பதிவுத் தபாலில் போயிற்று. பதில் வரும்வரை அவர் தபால்காரரைக் கண்டால் எழுந்து நின்றார். நானும் ஜன்னலுக்கு வந்துவிடுவேன். வந்தது ஒரு கார்டு. 'அச்சுக்குப் போகிறது. அடுத்ததைத் தொடங்குங்கள்.' அதைப் பிடித்துக்கொண்டு கதவு கதவாகக் காட்டினார். அக்கா எல்லோருக்கும் கேசரி கிண்டினார்.

மே மாதம் புத்தகக் கட்டு வந்தது. அட்டையில் காய்ந்த ஏரி, நடுவில் பச்சையாக ஒரு பாத்தி. பிள்ளைகள் தங்கள் யோசனை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடினார்கள். அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. பூங்கொடி என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். நான் பக்கத்தைக் காட்டியதும், "நீ படிக்காதே, நானே பார்க்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அந்தக் கோடையில் தினமும் மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டுக் கூட்டினாள். எனக்குத் தெரிந்த ஏழாவது வகுப்புத் தமிழ் அதற்குப் போதுமாக இருந்தது. ஒரு நாளில் நான் அவ்வளவு பேசியது டெல்லிக்கு வந்த பிறகு அப்போதுதான்.

ஜோதிலிங்கம் சார் பிறகு இன்னும் மூன்று நாரையேரிக் கதைகள் எழுதினார். எல்லாவற்றையும் முதலில் அக்காவிடம் சொன்னார். ஓய்வு பெற்றதும் ஜனக்புரிக்கு வீடு மாறிப் போனார்கள். அவருக்கு நான் நன்றி சொல்லத் தெரியாமல் நின்றதுதான் அதிகம். அவர்கள் எதிர் வீட்டில் இருந்தபோது ஒரே ஒரு நாள், பூங்கொடி படிக்கட்டில் உட்கார்ந்து அந்த வெள்ளரிப் பாத்தி வருகிற பக்கத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவரும் அக்காவும் வாசலில் வந்து நின்றார்கள். நான் வெளியே வந்து, "உங்களாலதான் சார்" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பூங்கொடியிடம், "நீ இன்னாடி நடுவுல நிறுத்திட்ட? அவன் தோண்டினானா இல்லையா? படி" என்றார். பூங்கொடி விட்ட வரியில் விரலை வைத்து, மறுபடியும் தொடங்கினாள்.