மூர்ச்சை என்றார் நாகம்மா

ஒரே கேள்வி

மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர்களுக்குப் பிற்பாடு வலிப்பு வருகிறதா? ஐம்பதுகளில் பெங்களூரில் எங்கள் ஆய்வுக்கூடம் முழுக்க இந்த ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுதது. காய்ச்சல் தணிந்துவிடும். மூளையில் வீங்கிய இடம் ஆறித் தழும்பாகிவிடும். அந்தத் தழும்புதான் பின்னால் வலிப்பைக் கிளப்புகிறது என்பது எங்கள் பெரிய டாக்டரின் எண்ணம். எண்ணம் மட்டும் இருந்தால் போதாது, ஆட்களைப் பார்க்க வேண்டும். ஆகவே அவரும் நானும் ஜீப்பில் ஓசூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போனோம்.

அவர் மதராஸ், நான் திருச்சி. தமிழ் தெரியும் என்ற தைரியம் இருவருக்கும் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பி, கன்னடத்தில் திரும்பி, தெலுங்கில் போய்ச் சேரும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கடலை மில்

கெலமங்கலம் பக்கத்துக் கடலை மில் ஒன்றில் வெங்கடப்பா என்ஜின் ரூம் ஆள். ஆயில் என்ஜினை ஓட்டுவதும், சக்கரம் சுற்றும்போதே பெல்ட்டை மாட்டுவதும் அவர் வேலை. மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர். பிறகு வீட்டில் விழுந்தார் என்று பேச்சு அடிபடவே, முதலாளி அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்.

"காக்கா வலிப்புன்னா மில்லுக்குள்ளயே விட மாட்டேன் சார். அது ஒட்டுவாரொட்டி. வேற என்னமோன்னா நாளைக்கே வரட்டும்" என்றார் முதலாளி.

விழுந்தவருக்கு விழுந்தது நினைவிருக்காது. அதனால் பெரிய டாக்டர் அவர் மனைவி நாகம்மாவைக் கேட்டார்.

"வலிப்பு வந்ததாம்மா?"

"வலிப்பெல்லாம் இல்லீங்க. மூர்ச்ச."

தமிழில் மூர்ச்சை என்றால் மயக்கம். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு மயங்குவதில் அதிசயமில்லை. பெரிய டாக்டர் கண்ணைப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். "வலிப்பு இல்லை, நாளைக்கு வரட்டும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். வெங்கடப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

ஜீப் கிளம்பும்போது நாகம்மா ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நாளைக்கே பெல்ட்டு மாட்டச் சொல்லிப்புட்டீங்களே!"

"மூர்ச்சைன்னு நீதானேம்மா சொன்னே?"

"ஆமாங்க. கண்ணு மேல சொருகிக்கும். வலது கையி இழுக்கும், அப்பறம் காலு. வாயில நொர வரும்."

"அதுதானேம்மா வலிப்பு!"

"உங்களுக்கு வலிப்பு. எங்க தெலுங்குல அது மூர்ச்சதான். நான் பொய் சொல்லலீங்க."

உண்மைதான், அவர் பொய் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பெல்ட்டை நினைத்ததும் நின்றுவிட்டது.

"வலிப்புன்னா வேல போயிரும்னுதான் அந்தச் சொல்ல எடுத்தேன்" என்றார் நாகம்மா. "வேல போனா நான் கூலிக்குப் போவேன். அவரு கையி போனா யாரு சார் தருவாங்க?"

பெரிய டாக்டர் இறங்கி மறுபடி மில்லுக்குள் போனார். "நான் சொன்னது தப்பு. வலிப்புதான். ஒட்டாது, மாத்திரையில் அடங்கும். என்ஜின் பக்கம் விடாதீங்க, மூட்டை தைக்கிற வேலை கொடுங்க."

"அதுக்குள்ள வியாதி மாறிப்போச்சா சார்?" என்றார் முதலாளி. "மூட்ட தைக்கிற பொம்பளைங்க அத்தன பேரும் ஓடிருவாங்க."

பெரிய டாக்டர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். முதலாளி மசியவில்லை. வேலை போயிற்று. வெங்கடப்பா மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

பெங்களூர்

அதன்பின் எந்த வீட்டிலும் நாங்கள் நோயின் பெயரைக் கேட்கவில்லை. விழும்போது என்ன பார்த்தீர்கள், கண் எந்தப் பக்கம் போனது, எந்தக் கை முதலில் இழுத்தது என்று கேட்டோம். பெயர் பாஷைக்குப் பாஷை வேஷம் மாறும், இழுக்கிற கை மாறாது. இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

வெங்கடப்பாவும் நாகம்மாவும் மாதாமாதம் பஸ் ஏறி, வலிப்பை அடக்கும் பினோபார்பிடோன் மாத்திரை வாங்க எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். இ.இ.ஜி. மெஷினில், வலது கையை ஆட்டிவைக்கும் இடப்பக்க மூளையின் அலைகள் அவருக்கு எகிறிக் குதித்தன. பெரிய டாக்டரின் எண்ணத்துக்கு இன்னொரு சான்று கிடைத்தது, எங்களுக்குச் சந்தோஷம். நாகம்மா அதற்குள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அதை நினைத்தால் அந்தச் சந்தோஷம் கசந்தது. வராந்தா பெஞ்சில் கணவர் ஒரு கோடி, மனைவி ஒரு கோடி. தனக்கு வலிப்பே கிடையாது, இவள் வாயால்தான் வேலை போனது என்று வெங்கடப்பா நம்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அதே வராந்தாவில் வேறொரு நோயாளிக்கு வலிப்பு வந்தது. நான் ஓடிப்போய் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அவருடைய வலது கை தரையில் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. அடங்கியதும் நிமிர்ந்தேன். வெங்கடப்பா பெஞ்சைவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"நானும் இப்படித்தானா?" என்று மனைவியைத் தெலுங்கில் கேட்டார்.

நாகம்மா தலையாட்டினார்.

வெங்கடப்பா வெகுநேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பெல்ட்டு ரொம்ப வேகமா ஓடும்டி" என்றார்.