தண்ணீர் இல்லை என்று சொன்னேன்

சந்தவாசலில் என் ஓரகத்தி மல்லிகாவின் வீடும் என் வீடும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. இரண்டையுமே விற்கத்தான் நினைத்திருந்தோம். அவள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், ஒழுகிய குழாய்க்கு வாஷர் மாற்றினாள், கதவுக்கு நீலப் பெயிண்ட் பூசினாள். பெரிய செலவே இல்லை. ஆனாலும் ஜவ்வாது மலையே அவள் வீட்டுக்குப் பின்னால் மட்டும் நிற்பதுபோல் அப்படியொரு அழகு. எனக்கு வயிறு எரிந்தது.

செங்கத்திலிருந்து வந்த ஒருவர் அவள் வீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வெளியே வந்தார். வாசலில் நின்ற என்னிடம், "தண்ணி எப்படிங்க?" என்றார்.

"கோடையில போர் வத்திடும்ங்க" என்றேன். முழுப் பொய். "என் வூடும் விக்கிறதுதாங்க, வந்து பாருங்க."

அவர் சிரித்தார். "அங்க தண்ணி இல்லன்னா, ஒட்டுன வூட்டுல மட்டும் எப்படிங்க வரும்?" வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

விஷயம் தெரியாத மல்லிகா பெயிண்ட் டப்பாவோடு வந்தாள். "மிச்சம் இருக்குதுக்கா. உங்க கதவுக்கும் அடிச்சிரலாம். ரெண்டு வூடும் பளிச்சுனு இருந்தாதான் வர்றவங்களுக்குப் புடிக்கும்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே அடித்தாள்.

இப்போது யார் வீடு பார்க்க வந்தாலும் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "யாருக்கா இப்படிப் புரளி கிளப்புனது?" என்கிறாள் மல்லிகா. நான் அவள் அடித்துக் கொடுத்த நீலக் கதவைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொள்கிறேன்.