காப்பார் காட்டோரத்துக் காளான்

சனிக்கிழமை திருச்சியில் ஏற வேண்டிய விமானத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் ஏற முடிந்தது. அந்த ஒரு நாள் தாமதத்துக்காக எனக்கு எரிச்சல் மட்டும்தான் அப்போது இருந்தது.

நான் போடிநாயக்கனூரில் பள்ளி ஆசிரியை. கோலாலம்பூருக்குக் கிளம்பியது உயரமான கட்டடங்களைப் பார்க்க அல்ல, காளான் சாப்பிட. சில வருடங்களுக்கு முன் பழனியிலிருந்து தேனி வரும் பேருந்தில் மலேசியாவிலிருந்து வந்த கிள்ளான்காரப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெயர் செல்வி. பேச்சு பிடித்துப்போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். அன்று புற்றுக்காளான் குழம்பு.

"எங்க ஊருலயும் இது கெடைக்கும் லா டீச்சர். மழை பேஞ்சா எங்க வீட்டுக்காரரு கொண்டாருவாரு. நீங்க வாங்க, நான் சமைச்சுப் போடறேன்" என்றாள். அதிலிருந்து வாராவாரம் தொலைபேசிப் பேச்சு.

புற்றுக்காளானைப் பண்ணையில் வளர்க்க முடியாது. கறையான் கூட்டுக்கு மேலே, மண்ணைப் பிளந்துகொண்டு, அதுவாக வர வேண்டும். பறித்தால் மறுநாளைக்குத் தாங்காது. அதனால்தான் அதற்கு அத்தனை கிராக்கி.

ஞாயிறு மதியம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தோசை சாப்பிட்டு, தே தாரிக் என்று அவர்கள் சொல்லும் ஆற்றிய பால் தேநீரும் குடித்தேன். ஏழு ரிங்கிட். பூக்கடைகளும் சாம்பிராணி வாசமும் சேர்ந்து மதுரையில் இருப்பது போலவே தோன்றியது. செல்வியை அழைத்தேன். எடுக்கவில்லை. அங்கிருந்து கிள்ளான் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கொமுட்டர் ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது.

நிலையத்தில் செல்வியின் கணவர் குமரன் மட்டும் நின்றிருந்தார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுபவர்.

"செல்விக்கு வயித்தால போகுது டீச்சர், ஒரே வாந்தி. கிளினிக்ல ஊசி போட்டும் நிக்கல. ஆஸ்பத்திரியில சேத்துட்டேன்."

"என்ன சாப்பிட்டா?"

அவர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். காரில் ஏறிய பிறகுதான் சொன்னார். "நீங்க நேத்து வரீங்கன்னு காளான் பறிச்சுட்டு வந்தேன். பிளைட் தள்ளிப்போச்சுன்னீங்க. கெட்டுப்போயிடுமேன்னு அவளே சமைச்சுட்டா. நான் ஷிப்டுக்குப் போயிட்டேன். எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருந்தா. வீட்டுக்கு வரும்போது வாந்தி எடுத்துக்கிட்டிருந்தா, அப்படியே கொட்டிட்டேன்."

மருத்துவமனையில் செல்வி துணி போலக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டாள். "வந்த அன்னிக்கே இப்படி. உங்களுக்கு ஒரு வாய் சோறு போட முடியல பாருங்க."

திங்கட்கிழமை அவள் தேறிவிட்டாள். வாந்தி நின்றது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். என்னைத் தனக்குத் தலைவாரிப் பின்னிவிடச் சொன்னாள். பின்னிவிட்டேன். "சும்மா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க டீச்சர். அவரோட போயி காளான் இடத்தையாச்சும் பாத்துட்டு வாங்க. அதுக்குத்தானே இவ்ளோ தூரம் வந்தீங்க" என்று விரட்டினாள்.

நானும் குமரனும் கிள்ளானை அடுத்த காப்பார் பக்கம் போனோம். செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடம் என்று செல்வி எனக்கு வர்ணித்திருந்தாள். அங்கே தகர வேலியும் சிவந்த மண்ணும்தான் இருந்தன. கிடங்கு கட்ட நிரவிக்கொண்டிருந்தார்கள். புற்று ஒன்றுகூட மிச்சமில்லை.

"பழைய இடம் இதுதான். வேலி போட்டுட்டானுங்க. அதான் இந்தத் தடவை காட்டுக்குள்ள போயி அந்த மரத்துக்கு அடியில பறிச்சேன்" என்றார் குமரன்.

வேலியைச் சுற்றிக்கொண்டு போனோம். மரத்தடியில் இன்னும் நாலைந்து நின்றன. வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தன. நான் குனிந்து ஒன்றின் அடியைக் குச்சியால் தோண்டினேன். புற்றுக்காளானுக்குக் காம்பு வேர் போல நீண்டு கறையான் கூடு வரை இறங்கும். இதற்கு இறங்கவில்லை. மண்ணுக்குள் முட்டை ஓடு போல ஒரு கிண்ணம் காம்பின் அடியைப் பிடித்திருந்தது.

"பறிக்கும்போது அடியோட எடுத்தீங்களா?"

"இல்ல டீச்சர். மண்ணு ஒட்டக்கூடாதுன்னு கத்தியால அறுத்தேன். ஏன்?"

விஷக்காளானின் அடையாளமான அந்தக் கிண்ணத்தை அவருக்குக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவதான் எந்திரிச்சுட்டாளே" என்றார். "கஞ்சி குடிச்சாளே."

காளானை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பினோம். டாக்டர் சீனப் பெண், சின்ன வயது. காளானைப் பார்த்தாள், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தாள். இந்த விஷத்தில் இடையில் ஒரு நாள் தேறியது போலத் தெரியும், அந்த நேரத்தில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். கொடுக்க வேண்டிய மருந்தெல்லாம் கொடுப்போம் என்றாள். குணமாகும் என்று அவள் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை செல்வியின் கண் மஞ்சளானது. புதன்கிழமை என்னைத் தன் அக்கா என்று நினைத்துப் பேசினாள். நான் அக்காவாகவே பதில் சொன்னேன். வியாழக்கிழமை மதியம் போய்விட்டாள்.

எரியூட்டிய பிறகு அந்த வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். கிள்ளானில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று குறித்து வைத்திருந்த எதையும் பார்க்கவில்லை. எங்கள் மலையடிவாரத்திலும் புற்றுகள் இருக்கும் வரப்புகளை மனை பிரித்து விற்கிறார்கள். மழை பெய்தால் அங்கேயும் யாராவது பழைய இடத்தைக் காணாமல் இன்னும் கொஞ்சம் உள்ளே போவார்கள். போகாதே என்று நான் எத்தனை பேரிடம் சொல்ல முடியும்?

என்னை ரயிலேற்றிவிடக் குமரன் வந்தார்.  நடைமேடையில் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"நல்ல ருசியா இருந்துச்சுன்னு சொன்னா டீச்சர். விஷம்னா கசக்காதா?"

"கசக்காது" என்றேன். 

ரயில் வந்தது. பழக்கதோஷத்தில், "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டேன்.

குமரன் பையை என் கையில் கொடுத்தார். "வராதீங்க டீச்சர்" என்றார். கோபமில்லை, கெஞ்சுவது போல இருந்தது. "உங்களப் பாத்தா, யாருக்காகப் பறிச்சேன்னுதான் ஞாபகம் வரும்."

கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.