பழைய பிரிண்டரும் ரோஸ் நிற வாழைப்பழமும்

அன்றைக்குப் பிரிண்டரில் அந்த ஒரு பக்கம் மட்டும் எப்படி ஒழுங்காக வந்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அது வராமல் இருந்திருந்தால் நாங்கள் புது லெப்டொப்பைச் சந்தேகித்திருக்க மாட்டோம். லெப்டொப்பைச் சந்தேகிக்காமல் இருந்திருந்தால் என் மகள் மஞ்சள் வாழைப்பழமாகவே மேடை ஏறியிருப்பாள்.

மகளின் பாலர் பாடசாலையில் ஆண்டு இறுதிக் கொன்சர்ட். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பழம். மகள் வாழைப்பழம். "நான்தான் வாழைப்பழம், மஞ்சள் நிறம் எனக்கு!" என்பது அவளுடைய வசனம். சோறு ஊட்டும்போது சொல்வாள், தலை சீவும்போது சொல்வாள், உக்குவளை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருவரிடமும் சொல்வாள். முகமூடிகளுக்கான படங்களை டீச்சர் தாய்மார் குரூப்பில் போட்டு, யாராவது கலரில் பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் அந்தக் குரூப்பில் அதுவரை எழுதியதெல்லாம் சந்தேகங்கள்தான். சொக்ஸ் வெள்ளையா, தண்ணீர்ப் போத்தலில் பெயர் எழுத வேண்டுமா என்பது மாதிரி. ஒரு தடவையாவது உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்று, "நான் எடுத்துத் தாரேன் டீச்சர்" என்று போட்டுவிட்டேன். வரிசையாகக் கைகூப்பிய படங்கள் வந்தன. அதன் பிறகு பின்வாங்க வழியில்லை.

கொன்சர்ட் சனிக்கிழமை. கணவர் வீட்டில் இருக்கும் நாளில் செய்யலாம் என்று வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்தேன். வெள்ளி போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை, என்பது எனக்குத் தெரியும். போயா அன்று பிரிண்ட் கடை பூட்டியிருக்கும் என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. எங்கள் வீட்டிலேயே பிரிண்டர் இருக்கிறதே என்ற தைரியம்.

மாம்பழத்தை அனுப்பினேன். பிரிண்டர் தாளைக் கோணலாக இழுத்து, பாதி மாம்பழத்தோடு நின்றது. தாள் சிக்கியிருக்கிறது என்று லெப்டொப் சொன்னது. தாளை இழுத்து எடுத்துவிட்டு மூடினேன். இப்போது உள்ளே தாளே இல்லை. அப்போதும் சிக்கியிருக்கிறது என்றது.

"என்னங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

கணவர் வந்து, வயரைக் கழற்றி மறுபடி செருகினார். ஆண்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

"பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு. உன்னோட லெப்டொப்தான் அதோட ஒத்துப்போகல."

"என்னோட லெப்டொப்பா? வாங்கும்போது நம்ம லெப்டொப்னு சொன்னீங்க?"

கூடத்தில் டீவி பார்த்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பாமலே சொன்னார்: "வந்து ரெண்டு மாசம் ஆகல. அதுக்குள்ள வீட்டுல இருக்கிற பழசோட சண்டை."

அவர் லெப்டொப்பைத்தான் சொன்னார். நான் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. ஆனாலும் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

சந்தேகம் தீர, கணவர் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் கிடந்த பழைய கம்பியூட்டரில் மாட்டினார். அந்தக் கம்பியூட்டர் உயிர் வந்து கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். அதனால்தான் புதிது வாங்கினோம். அது அணைவதற்குள் ஒரு சோதனைப் பக்கத்தை அனுப்பினார். வந்தது பாருங்கள்! நேராக, சுத்தமாக, எல்லா நிறமும் பளிச்சென்று. உடனே கம்பியூட்டர் அணைந்தது.

"பார்த்தியா?" என்றார், ஏதோ வழக்கில் வென்றவர் மாதிரி.

நானும் நம்பினேன். எப்படி நம்பாமல் இருப்பது, கையில் அத்தாட்சி இருக்கிறதே.

அதன்பிறகு மதியம் முழுவதும் லெப்டொப்புக்கு வைத்தியம். வீடியோவில் ஒருவர் ட்ரைவரை அழிக்கச் சொன்னார், அழித்தோம். இன்னொருவர் பழைய ட்ரைவரைப் போடச் சொன்னார், போட்டோம். மூன்றாமவர் பிரிண்டரின் ஹெட்டைச் சுத்தம் செய்யும் பட்டனை அழுத்தச் சொன்னார். அதை அழுத்தினால் மெஷின் உள்ளே கடகடவென்று ஏதோ பெரிய வேலை நடப்பது போலச் சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்களுக்கு நம்பிக்கையைக் கொடுத்தது. திரும்பத் திரும்ப அழுத்தினோம். ஒவ்வொரு தடவையும் அது மையைக் குடிக்கிறது என்று அந்த மூன்றாமவர் சொல்லவில்லை. சொல்லியிருப்பார், நாங்கள் அவ்வளவு தூரம் பார்க்கவில்லை.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, வாழைப்பழம் வந்துருச்சா?"

"வருது பாப்பா."

"பழுக்கலையா இன்னும்?"

கடைசியில் கணவர், சரியான மொடல் நம்பரைப் பார்த்தால்தான் சரியான ட்ரைவர் கிடைக்கும் என்றார். நம்பர் பிரிண்டரின் அடியில் ஒட்டியிருந்தது. தூக்கித் தலைகீழாகப் பிடித்தார்.

சளசளவென்று கொட்டியது. மஞ்சள் அரிசி. அதோடு காய்ந்த செவ்வந்தி இதழ்களும் ஒரு அறுகம்புல்லும்.

நாங்கள் இருவரும் குனிந்து அதைக் கிளறினோம். மாமியார்தான் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "அட, அட்சதை!" என்றார்.

சரஸ்வதி பூஜைக்கு மகளின் புத்தகங்களோடு லெப்டொப்பையும் பிரிண்டரையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தோம். பூஜை முடிந்து எல்லோரும் அட்சதை போட்டோம். புது லெப்டொப்புக்கு நல்லது நடக்கட்டும் என்று நான் தாராளமாகவே போட்டேன். லெப்டொப் மூடியிருந்தது. பிரிண்டர்தான் தாள் வைக்கும் வாயை மேலே திறந்துகொண்டு இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

"அப்ப அந்தச் சோதனைப் பக்கம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். தூக்கிக்கொண்டு போனதில் அரிசி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கலாம் என்றார் கணவர். மாமியார் சாமியின் அருள் என்றார். அருள் என்றால் ஒரு பக்கத்தோடு ஏன் நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் அரிசியை ஒன்று விடாமல் பொறுக்கிக் கண்ணில் ஒற்றி, மிதிபடாத இடமாகப் பார்த்து ரோஜாச் செடியடியில் போட்டார். "இதைப் போய்க் குப்பையில கொட்டிறாதீங்க" என்று எங்கள் இருவரையும் எச்சரித்தார்.

பிரிண்டர் ஓடத் தொடங்கியது. தாள் நேராக இறங்கியது. நான் சந்தோஷத்தில் கைதட்டியபோது வெளியே வந்தது ரோஸ் நிற மாம்பழம். மஞ்சள் மை தீர்ந்துவிட்டது. கொய்யாப்பழம் நீலமாக வந்தது. அன்னாசி மேலே நீலம், கீழே ரோஸ். வாழைப்பழம், காய்ச்சல்காரரின் முகம் மாதிரி வெளிறிய ரோஸ்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் அப்படியே எடுத்தேன். பிறகு மகளின் கலர்ப் பெட்டியில் மஞ்சள் பெஸ்டல் ஒன்று அடித்துண்டாகக் கிடைத்தது. அதை வைத்து அவளுடைய வாழைப்பழத்தை மட்டும் தீட்டினேன். நன்றாகவே வந்தது. ஆனால் அத்தோடு பெஸ்டல் முடிந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் ரோஸும் நீலமுமாக நிற்க, பிரிண்ட் எடுத்தவளின் பிள்ளை மட்டும் மஞ்சளாக நின்றால் அந்தத் தாய்மார் என்ன நினைப்பார்கள்? நானாக இருந்தால் என்ன நினைப்பேனோ அதைத்தான். மஞ்சள் பழத்தை அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டு, இன்னொரு ரோஸ் பழம் எடுத்து வெட்டினேன்.

மறுநாள் மண்டபத்தில் நீலக் கொய்யா மேடையேறியபோது பின்வரிசையில் ஒரு தகப்பன், "இது எங்கே விளையுது, இரத்தோட்டைப் பக்கமா?" என்று கேட்க, அந்த வரிசையே சிரித்தது. நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன். அடுத்தது மகள். ரோஸ் முகமூடியோடு முன்னால் வந்து, எத்தனையோ நாள் பழகிய அதே குரலில், "நான்தான் வாழைப்பழம், மஞ்சள் நிறம் எனக்கு!" என்றாள். மண்டபம் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற டீச்சர் மைக்கை வாங்கி, "இது செவ்வாழைங்க, இப்பதான் பழுக்குது" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. மகள் ஒரு நொடி முகமூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக அதே வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

இரவு குரூப்பில் எல்லோரும் நன்றி போட்டிருந்தார்கள். சிரித்துக் கண்ணீர் விடும் படங்களும் நிறைய. அடுத்த தவணைச் சான்றிதழ்களையும் நானே எடுத்துத் தர முடியுமா என்று டீச்சர் கேட்டார். சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று நினைத்தேன். போன வாரம் மகள் கவுன் தேடி அலுமாரியைக் கிளறி, அந்த மஞ்சள் பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இது யாரோட வாழைப்பழம்?"

"அது... சும்மா செஞ்சு பார்த்தது பாப்பா."

"மஞ்சளா இருக்கே. ஏன் எனக்குத் தரல?"

மற்றப் பிள்ளைகளுக்காக என்று சொன்னால், அவங்களுக்கும் மஞ்சள் தரலையே என்பாள். மறந்துவிட்டேன் என்றால் அது பொய். ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன் என்றால், அவள் வளர்ந்து என்னை மாதிரியே ஆகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. அப்பா வந்ததும் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். அப்பா, அம்மாவிடமே கேள் என்றார். அவள் பழத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் கேட்கிறாள். நாலு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி, பொய்யும் இல்லாமல், இதற்கு ஒரு பதில் உங்களில் யாருக்காவது தோன்றினால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.