தொட்டு ஆடும் ஆட்டம்

பினாங்குக்கு வந்து நாலு வருஷமாகியும் எனக்குப் பழகாதது ஞாயிற்றுக்கிழமை மாலைதான். துறைமுகத்தில் ஆறு நாள் மூட்டை சுமந்தவர்கள் ஏழாம் நாள் கடலோரப் புல்வெளிக்கு வந்து, யாரும் விரட்டாமலே ஓடுகிறார்கள். சீனர்கள் பந்து உதைக்கிறார்கள். நம்மவர்கள் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுகிறார்கள்.

பாரிவாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், பெயரைச் சொல்வதற்கில்லை. கோடையில் ஏரி வற்றியதும் ஊர்ப் பையன்கள் அதில் இறங்கிக் கோடு கிழிப்பார்கள். சேரிப் பையன்களான நாங்கள் அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு மாடுகளோடு கரையில் நிற்போம். பார்க்கத் தடையில்லை. சடுகுடு தொட்டு ஆடும் ஆட்டம் என்பதால் ஆடத்தான் முடியாது. நான் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டே ஓடி, மாடுகளைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றது. பிறகு ரங்கூன், ஈப்போ என்று அலைந்தேன். மூச்சு மட்டும் குறையவில்லை.

அதற்காகத்தான் என்னோடு மூட்டை சுமக்கும் முத்தாபுதுப்பேட்டை முனுசாமி என்னைத் தன் கட்சியில் சேர்த்தான். முதல் ஆட்டத்தில் பாடிக்கொண்டு போனால், எதிரே எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டுப் பிள்ளை. இங்கே கிடங்கில் குமாஸ்தா. அவர்கள் நிலத்தில் ஏர் ஓட்டுபவர் என் அப்பா. எதிரே நின்றவர் தோள் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கை நீளவில்லை. திரும்பிவிட்டேன்.

"இன்னா மச்சான், கைக்கு எட்னவன உட்டுட்டு வந்துகினு கீறே?" என்றான் முனுசாமி.

"ஆண்டே ஊட்டுப் புள்ளடா."

"கப்பலேறி வந்தப்புறம் இன்னாடா ஆண்டே? இந்தவாட்டி தொடலன்னா நீ போயி மாடே மேய்."

திடலைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர், அவரிடம் பயமா என்று என்னைக் கேட்டார். தெரிந்தவர் என்றேன். "நண்பரா? அப்படியானால் மெல்லத் தொடு" என்று சிரித்தார். விளக்குவதற்கு என் மலாய் போதவில்லை.

மறுபடி போனேன். பண்ணை வீட்டுப் பிள்ளை தன் தொடையைத் தட்டி, "வாடா, தொட்டா சுட்டுடுமா?" என்றார். தொட்டேன். எல்லார் தோளையும் போல வேர்த்திருந்தது. பிடிக்க வந்தவர்களை உதறி, மூச்சு விடாமல் கோட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவர் வெளியே போய் உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிந்ததும் குழாயடியில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஊருக்குக் கடுதாசில எய்திடாதடா. நைனாவுக்குத் தெரிஞ்சா என்னிய ஊட்ல சேக்க மாட்டாரு."

"எய்த மாட்டேன் ஆண்டே. எங்கப்பனும் அங்கதான கீறாரு."

ஒரே குழாயில் இரண்டு பேரும் கை கழுவினோம். அடுத்த ஞாயிறும் அவரைத் தொடுவேன். ஊர் திரும்பினால் இந்தக் கைக்கு ஏரிக்கரையில் மாட்டு முதுகுதான்.